பேரிடர் நிவாரணப் பொருள்கள் உரிய நேரத்தில் போய்ச் சேர: விநியோகச் சங்கிலியைச் சீரமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிந்தைய நாள்களில், நாகப்பட்டினம் மாவட்டத்தின் சாலையோரங்களில் பழைய துணிகள் குவியல் குவியலாகக் கிடந்தன. கொடுக்கும் மனத்துக்கு அன்று பஞ்சமில்லை, லாரிகளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் வந்த பொருளுக்கும் மக்கள் கேட்ட பொருளுக்கும் இடையே பெரும் தொலைவு இருந்தது. 2017இல் மரியா புயல் தாக்கிய, அமெரிக்காவின் ஆளுகையிலுள்ள கரீபியத் தீவான புவேர்ட்டோ ரிக்கோவில் இதன் மறுபக்கம் தெரிந்தது. தேவையான பொருள்களே ஆயிரக்கணக்கான கொள்கலன்களில் சான் ஹுவான் துறைமுகம் வரை வந்துவிட்டன. ஓட்டுநர்களும் டீசலும் கிடைக்காமல், சாலைகளும் அடைபட்டு, அங்கேயே தேங்கி நின்றன.

இந்த இரண்டு நிகழ்வுகளிலும் குறை பொருளில் இல்லை. ஒரு சங்கிலியில் எந்த இடம் மிகக் குறுகலாக இருக்கிறதோ அந்த இடத்தின் வேகம்தான் மொத்தச் சங்கிலியின் வேகம். மற்ற இடங்களில் எவ்வளவு பொருளைக் கொட்டினாலும் அது குறுகலான இடத்துக்கு முன்னால் போய்க் குவியுமே தவிர, பாதிக்கப்பட்டவர் கைக்குச் சேராது. ஆகவே நிவாரண விநியோகத்தை மேம்படுத்த விரும்புவோர் நன்கொடை திரட்டுவதிலிருந்து தொடங்காமல், பொருளைப் பெறப்போகும் குடும்பத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வர வேண்டும். குறுகலான இடம் எது என்பதைப் புயலுக்குப் பிறகு அல்ல, முன்பே கண்டறிய வேண்டும்.

மாவட்ட அளவில் பணியாற்றும் தொண்டு நிறுவனங்கள், அறக்கட்டளைகள், ஊராட்சிகள், இளைஞர் மன்றங்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தமிழகக் கடலோரத்தைத் தாக்கும் ஒரு புயலையும், அதனால் பாதிக்கப்படும் 10,000 பேரையும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். குடும்பத்துக்கு 4 பேர் என்றால் 2,500 குடும்பங்கள்.

முதல் படி: யார், எங்கே என்று தெரிந்துகொள்ளுதல்

ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களிலேயே செய்து முடிக்க வேண்டிய வேலை இது. நீங்கள் பொறுப்பேற்கவிருக்கும் ஊராட்சிகளின் குடும்ப எண்ணிக்கையைக் குக்கிராமம் வாரியாக, தெரு வாரியாக எழுதிக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சிச் செயலர், ரேஷன் கடை விற்பனையாளர், அங்கன்வாடிப் பணியாளர் ஆகிய நால்வரிடமும் இதற்கான தகவல் இருக்கும். ஆனால் நால்வரின் கணக்கும் ஒன்றாக இருக்காது. குடும்ப அட்டை இல்லாதவர்கள், செங்கல் சூளைகளிலும் உப்பளங்களிலும் தங்கி வேலை செய்யும் வெளியூர்த் தொழிலாளர்கள், ஒரே வீட்டில் தனித்தனியாகச் சமைக்கும் குடும்பங்கள் ஆகியோரைச் சேர்க்கும்போதுதான் உண்மையான எண்ணிக்கை கிடைக்கும்.

அதே பட்டியலில் கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், நடமாட முடியாத முதியோர், மாற்றுத்திறனாளிகள், தினமும் இன்சுலின் போடுபவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் ஆகியோரைத் தனியே குறித்துவையுங்கள். இவர்களுக்குப் போக வேண்டிய பொருள் வேறு, போக வேண்டிய வழியும் வேறு. இது நோயாளிகளின் தனிப்பட்ட தகவல் என்பதால் இந்தப் பகுதியைப் பொறுப்பாளர் ஒருவரிடம் மட்டும் வைத்திருங்கள். வாட்ஸ்அப் குழுக்களில் பரப்ப வேண்டாம்.

இரண்டாம் படி: தேவையை எடையாக மாற்றுதல்

பெரும்பாலான குழுக்கள் தவறவிடுவது இந்தப் படியைத்தான். ‘10,000 பேருக்கு உணவும் தண்ணீரும் வேண்டும்’ என்பது வேண்டுகோள். அதைக் கொண்டு ஒரு லாரியைக்கூட ஏற்பாடு செய்ய முடியாது. கிலோவாகவும் லிட்டராகவும் மாற்றும்போதுதான் அது திட்டமாகிறது.

மனிதாபிமான உதவிக்கான ஸ்ஃபியர் தரநிலைகள் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,100 கிலோ கலோரி உணவை அடிப்படைத் திட்ட அளவாகக் கொள்கின்றன. அரிசி 400 கிராம், பருப்பு 60 கிராம், சத்துமாவு 50 கிராம், எண்ணெய் 25 கிராம், சர்க்கரை 15 கிராம், உப்பு 5 கிராம் என்று கூட்டினால் ஏறத்தாழ அந்த அளவு வந்துவிடும். மொத்தம் 555 கிராம். ஆக, 10,000 பேருக்கு ஒரு நாளைக்கு 5.55 டன். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்கான பை சுமார் 15.5 கிலோ, 2,500 குடும்பங்களுக்கு ஏறக்குறைய 39 டன். பத்து டன் ஏற்றும் லாரி நான்கு நடை போனால் முடிந்துவிடும் அளவுதான்.

இப்போது தண்ணீரைப் பாருங்கள். குடிக்க, சமைக்க, கழுவ என்று ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் என்பது அதே தரநிலை. 10,000 பேருக்கு 1.5 லட்சம் லிட்டர், அதாவது தினமும் 150 டன். குடிப்பதற்கு மட்டும் 3 லிட்டர் என்று சுருக்கினாலும் நாளொன்றுக்கு 30 டன். ஒரு வாரத்துக்கான மொத்த உணவின் எடைக்குச் சற்றே குறைவான எடையைத் தண்ணீருக்காக ஒவ்வொரு நாளும் சுமக்க வேண்டும்! பிளாஸ்டிக் பாட்டில்களில் தண்ணீர் அனுப்புவது முதல் ஓரிரு நாள்களுக்கு மட்டுமே பொருந்தும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை.

ஊரில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி பெரும்பாலும் இருக்கும். கிணறும் ஆழ்துளைக் கிணறும் இருக்கும். இல்லாமல் போவது மின்சாரம். 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோது, டெல்டா மாவட்டங்களின் பல ஊர்களில் தொட்டியில் நீரேற்ற ஜெனரேட்டர் தேடி அலைய வேண்டியிருந்தது. எனவே தண்ணீருக்கான விநியோகத் திட்டம் என்பது மோட்டாரை இயக்கும் அளவு ஜெனரேட்டர், அதற்கான டீசல், இணைப்புக் கொடுக்கத் தெரிந்த எலக்ட்ரீசியன், குளோரின் மாத்திரை அல்லது பிளீச்சிங் பவுடர், நீரில் எஞ்சியிருக்கும் குளோரினைச் சோதிக்கும் கருவி, வீட்டுக்கு இரண்டு மூடியுள்ள குடங்கள் ஆகியவைதான். ஓர் ஊருக்கான இவற்றை, குடங்கள் தவிர, ஒரு மினி லாரியில் ஏற்றிவிடலாம். குடிக்கும் இடத்தில் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். கடல்நீர் புகுந்த கிணறுகளுக்குக் குளோரின் உதவாது. அந்த ஊர்களை முன்பே பிரித்து, டேங்கர் லாரிகளை அவற்றுக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

தார்ப்பாய், பாய், போர்வை, சோப்பு, நாப்கின், கொசுவலை, விளக்கு ஆகியவற்றுக்கும் இதே போல் எடையும் எண்ணிக்கையும் போட்டுவைக்க வேண்டும். தார்ப்பாய் 4 மீட்டருக்கு 6 மீட்டர் என்பது உலகெங்கும் நிவாரணப் பணியில் பழகிவிட்ட அளவு. மெல்லிய நெகிழித்தாள் மலிவாகக் கிடைத்தாலும் முதல் காற்றிலேயே கிழிந்துவிடும்.

மூன்றாம் படி: எதைச் சேமிப்பது, எதை ஒப்பந்தம் போட்டு வைப்பது

எல்லாவற்றையும் வாங்கிக் குடோனில் அடுக்கிவைப்பது ஆயத்தம் அன்று. அது பணத்தை எலிக்கும் பூஞ்சைக்கும் கொடுப்பதாக முடியும். கெட்டுப்போகாதவை, புயல் வந்தவுடன் சந்தையில் கிடைக்காமல் போகக்கூடியவை, முதல் 48 மணி நேரத்தில் தேவைப்படுபவை என்ற மூன்றிலும் பொருந்துபவற்றை மட்டும் இருப்பில் வையுங்கள். தார்ப்பாய், கயிறு, குடம், சோலார் விளக்கு, மர அறுவை எந்திரம், முதலுதவிப் பெட்டி ஆகியவை இந்த வகை. குளோரின் மாத்திரையும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் காலாவதித் தேதியுடன் ஆண்டுதோறும் சுழற்ற வேண்டியவை. மழைக்காலம் புயலின்றிக் கடந்துவிட்டால் அவற்றை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொடுத்துவிட்டுப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம்.

அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றைச் சேமிக்க வேண்டியதில்லை. அருகிலுள்ள நகரத்தின் மொத்த வியாபாரிகள் இருவர் அல்லது மூவரிடம் செப்டம்பரிலேயே எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். அழைத்த எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு பொருள், எந்தத் தரம், எந்தப் பையில், எந்த விலைக் கணக்கில், பணம் எத்தனை நாளில் என்பவை அதில் இருக்க வேண்டும். விலையை ஒரே எண்ணாக முடிவு செய்தால் சந்தை ஏறும்போது வியாபாரி பின்வாங்கிவிடுவார்; அன்றைய மொத்த விலைக்கு மேல் இத்தனை சதவீதம் என்று எழுதுவது இருவருக்கும் நியாயமானது. ஒருவராவது புயல் பாதைக்கு வெளியே, உள்மாவட்டத்தில் இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். கடலோர நகரத்து வியாபாரியின் குடோனும் அதே புயலில்தான் நனையும்.

உலக அளவிலும் இதே முறைதான். உலக உணவுத் திட்டம் நடத்தும் ஐ.நா. மனிதாபிமானப் பொருள் கிடங்குகள் இத்தாலியின் பிரிண்டிசி, துபாய், கானாவின் அக்ரா, பனாமா, மலேசியா முதலிய இடங்களில் பொருளை முன்கூட்டியே நிறுத்திவைக்கின்றன. ஒரு கிடங்கு எவ்வளவு பெரியது என்பதைவிட எங்கே இருக்கிறது என்பது முக்கியம். காத்மாண்டு விமான நிலையத்தில் நிவாரணப் பொருள்களைக் கையாளுவதற்கான இடம் 2015 மார்ச் மாதத்தில் திறக்கப்பட்டது. ஏப்ரல் 25 அன்று 7.8 அளவிலான நிலநடுக்கம் நேபாளத்தைத் தாக்கியது. ஒரு மாதம் தள்ளிப்போயிருந்தால், பொருளை இறக்கிவைக்கும் இடத்தைத் தேடுவதிலேயே முதல் நாள்கள் கழிந்திருக்கும்.

நான்காம் படி: வழிகளைப் பரிசோதித்தல்

வரைபடத்தில் தெரியும் சாலையை நம்பாதீர்கள். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை வண்டியில் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு ஊருக்கும் முதல் வழி, மாற்று வழி, இரண்டும் அடைபட்டால் என்ன என்று மூன்றையும் எழுதுங்கள். தரைப்பாலங்கள், கரை உடையக்கூடிய கண்மாய்கள், லாரி திரும்ப இடமில்லாத தெருக்கள், சாலையின் மேல் சாயக்கூடிய பெரிய மரங்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். படகு தேவைப்படும் ஊருக்கு யாருடைய படகு, யார் ஓட்டுவார், டீசல் யார் தருவார் என்பதும் அந்தக் குறிப்பில் இருக்க வேண்டும்.

பெரிய வாயில்கள் மூடிக்கொள்வது புதிதல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் பல நாள்கள் மூடப்பட்டபோது அரக்கோணத்தில் உள்ள கடற்படைத் தளத்திலிருந்து விமானங்கள் இயக்கப்பட்டன. ஆழிப்பேரலைக்குப் பிறகு, 2005 ஜனவரி தொடக்கத்தில், இந்தோனேசியாவின் பண்டா ஆச்சே விமான நிலையத்தின் ஒரே ஓடுதளத்தில் நிவாரண விமானம் ஒன்று எருமை மீது மோதியதில், அந்தப் பகுதிக்கான விமானப் போக்குவரத்து பல மணி நேரம் முடங்கியது. 2015 நேபாள நிலநடுக்கத்துக்குப் பிறகு காத்மாண்டின் ஒரே ஓடுதளம் பழுதடைந்து பெரிய விமானங்கள் தடை செய்யப்பட்டன; மலைக்கிராமங்களுக்குக் கடைசியில் பொருள் போய்ச் சேர்ந்தது சுமைதூக்கிகளின் முதுகில்தான். மாற்று வழி என்பது பெரும்பாலும் மெதுவான வழியாகவே இருக்கும். ஆனால் அடைபட்ட வேகமான வழியைவிட அது மேல்.

வண்டிகளுக்கு வருவோம். ஒரு வாரத்துக்கான 39 டன் உணவை வட்டத் தலைநகர் வரை நான்கு லாரிகள் கொண்டுவந்துவிடும். அங்கிருந்து ஊருக்குள் 750 கிலோ ஏற்றும் சிறிய வண்டிதான் போக முடியும் என்றால் 52 நடைகள் வேண்டும். ஏற்றி, போய், இறக்கி, திரும்பி வர ஒரு நடைக்கு 3 மணி நேரம் என்று கொண்டால் பகலில் ஒரு வண்டி 4 நடை போகும்; ஒரே நாளில் முடிக்க 13 வண்டிகள் தேவை. ஐந்து வண்டிகள் மட்டும் இருந்தால் மூன்றாம் நாளில்தான் முடியும். குறுகலான இடம் நெடுஞ்சாலையில் இல்லை, வட்டத் தலைநகரிலிருந்து கிளம்பும் அந்தச் சிறிய வண்டிகளில் இருக்கிறது என்பது இந்தக் கணக்கைப் போடும்போது புலப்படும். மேலும் இரண்டு லாரிகளை வரவழைப்பதால் எதுவும் மாறாது. இருக்கும் ஐந்துடன் மேலும் எட்டு சிறிய வண்டிகளை ஏற்பாடு செய்தால் எல்லாம் மாறும்.

ஓட்டுநர்களுக்கும் வீடு உண்டு. புயலில் அவர்கள் வீட்டுக்கூரையும் பறக்கும். உள்ளூர் ஓட்டுநர்களை மட்டும் நம்பாமல் பக்கத்து மாவட்டத்து ஓட்டுநர்களையும் பட்டியலில் சேருங்கள். அவர்களுக்குத் தங்குமிடமும் சாப்பாடும் ஊரில் வழிகாட்ட ஓர் ஆளும் ஏற்பாடு செய்யுங்கள். மின்சாரம் இல்லாத பெட்ரோல் பங்கில் டீசல் இருந்தும் எடுக்க முடியாது என்பதால், ஜெனரேட்டர் வசதி உள்ள பங்குகளையும் குறித்து வையுங்கள்.

ஐந்தாம் படி: வருவதைக் கட்டுப்படுத்துதல்

நன்கொடையாளர் மனம் புண்படும் என்று தயங்கி எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வதுதான் பல கிடங்குகள் மூச்சு முட்டுவதற்குக் காரணம். பழைய துணியைப் பிரிக்க ஆள் வேண்டும், வைக்க இடம் வேண்டும், கடைசியில் அகற்றப் பணம் வேண்டும். என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும், எந்தத் தேதி வரை வேண்டும், எது வேண்டாம் என்ற நான்கையும் ஒரே அறிவிப்பில், தேதியும் நேரமும் இட்டு வெளியிடுங்கள். தேவை நிறைவேறியதும் ‘இனி வேண்டாம்’ என்று அடுத்த அறிவிப்பை வெளியிடுவது அதைவிட அவசியம். தேதியில்லாத வேண்டுகோள் வாட்ஸ்அப்பில் மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும்.

மருந்துக்கு விதி இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். ஆழிப்பேரலைக்குப் பிறகு ஆச்சே மாகாணத்துக்கு வந்து குவிந்த சுமார் 4,000 டன் மருந்துகளில் பெரும்பகுதி இந்தோனேசியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இல்லாதவை. பல பெட்டிகளில் இருந்த குறிப்புகள் உள்ளூர் மருந்தாளர்களுக்குப் புரியாத மொழிகளில் இருந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் மருந்து நன்கொடை நெறிமுறைகளின்படி, மருந்து வந்து சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஓர் ஆண்டாவது மீதமிருக்க வேண்டும். வீட்டில் மிச்சமான மாத்திரைகளை எந்தச் சூழலிலும் பெறாதீர்கள். பொது மருந்துத் தேவையை மாவட்டச் சுகாதாரத் துறையிடம் விட்டுவிட்டு, அவர்கள் கேட்பதை மட்டும் வாங்கித் தருவதே நல்லது. இன்சுலின், தடுப்பூசி போன்ற 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டியவற்றைக் குளிர்பதன வசதி இல்லாத குழு தொடவே கூடாது.

ஆறாம் படி: கிடங்கை நடத்துதல்

பள்ளிக்கூடங்கள் முகாம்களாகிவிடும் என்பதால் கிடங்குக்குத் திருமண மண்டபம், நெல் அரைவை ஆலை, கூட்டுறவுச் சங்கக் கட்டடம் ஆகியவற்றைப் பாருங்கள். வெள்ளம் ஏறாத உயரம், லாரி பின்பக்கமாக வந்து நிற்க இடம், உள்ளே வர ஒரு வாசல், வெளியேற வேறொரு வாசல், பூட்டு, வெளிச்சம் ஆகியவை இருந்தால் போதும். ஒரே வாசலில் வருவதும் போவதும் மோதிக்கொள்ளும் கிடங்கில் பாதிநாள் வீணாகும்.

தரையில் நேரடியாக மூட்டையை வைக்கக் கூடாது. மரப்பலகை அடுக்குகள் கிடைக்காவிட்டால் சவுக்குக் கழிகளைப் பரப்பி மேலே தார்ப்பாய் போடுங்கள். சுவருக்கும் மூட்டை அடுக்குக்கும், ஓர் அடுக்குக்கும் இன்னொன்றுக்கும் இடையே ஓர் ஆள் நடந்துபோய் எண்ணிப் பார்க்கும் அளவு இடைவெளி இருக்கட்டும். பூச்சிக்கொல்லி, பிளீச்சிங் பவுடர், டீசல் ஆகியவை உணவு இருக்கும் கூரையின் கீழ் வரவே கூடாது. முதலில் காலாவதியாவது முதலில் வெளியேற வேண்டும். முதலில் வந்தது முதலில் என்ற வழக்கமான முறை இங்கே சில நேரம் ஏமாற்றிவிடும், ஏனெனில் நேற்று வந்த பிஸ்கட் பெட்டிக்கு இன்று வந்ததைவிட நீண்ட ஆயுள் இருக்கலாம்.

பெட்டிகளுக்கு வண்ண அடையாளம் இடுவது சர்வதேச வழக்கம்: உணவுக்குச் சிவப்பு, துணிக்கும் வீட்டுச் சாமானுக்கும் நீலம், மருந்துக்குப் பச்சை. எழுதப் படிக்கத் தெரியாத சுமைப்பணியாளரும் இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் பிரித்துவிட முடியும். ஒரு பொட்டலம் 25 கிலோவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வோர் அடுக்கின் முன்னாலும் ஓர் இருப்பு அட்டையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். தேதி, எங்கிருந்து வந்தது, எவ்வளவு உள்ளே, எவ்வளவு வெளியே, மீதி, கையொப்பம் என்று ஆறு கட்டங்கள் போதும். மூட்டையைத் தொடுபவர் அந்த இடத்திலேயே அட்டையில் எழுத வேண்டும். மாலையில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதுவது கணக்காகாது. தினமும் ஏதாவது இரண்டு அடுக்குகளை, அந்தப் பொருளைக் கையாளாத ஒருவர் எண்ணி அட்டையுடன் ஒப்பிடட்டும். வண்டி கிளம்பும்போது மூன்று நகல்கள் கொண்ட அனுப்புச் சீட்டு: ஒன்று கிடங்கில், ஒன்று ஓட்டுநரிடம், ஒன்று பெறுபவரிடம். பெறுபவர் எண்ணிக் கையெழுத்திட்ட நகல் திரும்பி வரும்வரை அந்தப் பொருள் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கில் எழுதக் கூடாது.

ஏழாம் படி: வீட்டுவாசல் வரை

கஜா புயலின்போது நெடுஞ்சாலையோர ஊர்களில் நிவாரண வண்டிகள் நிறுத்தப்பட்டு, உள்ளடங்கிய ஊர்களுக்குப் பொருள் போகாமலே நின்றுபோனது டெல்டா மக்கள் நன்கறிந்த செய்தி. சாலையில் நின்றவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர்களும் பாதிக்கப்பட்டவர்கள்தாம். தங்களுக்கு எப்போது வரும் என்று தெரியாதவர்கள் வருகிற வண்டியை நிறுத்தத்தான் செய்வார்கள். எந்த ஊருக்கு எந்த நாள் என்ற அட்டவணையை வழியிலுள்ள எல்லா ஊர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுவதும், ஓர் ஊராட்சியின் உள்ளடங்கிய கடைசிக் குக்கிராமத்திலிருந்து வெளிநோக்கி விநியோகத்தைத் தொடங்குவதும் இதைக் குறைக்கும்.

விநியோகம் நடக்கும் இடமும் அரசியல்தான். ஆழிப்பேரலை நிவாரணத்தில் தலித் குடியிருப்புகளும், கடலுக்குப் போகாமல் கூலிவேலை செய்தவர்களும் விடுபட்டது அப்போதே பதிவானது. ஊர்க்கோயில் வாசலிலோ ஊர்த்தலைவர் வீட்டுத் திண்ணையிலோ பொருள் கொடுத்தால் வரத் தயங்குபவர்கள் இருப்பார்கள். எல்லாரும் கூச்சமின்றி வரக்கூடிய ரேஷன் கடை, அங்கன்வாடி போன்ற பொது இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பெயர்ப்பட்டியலை முதல் நாளே அங்கு ஒட்டிவிடுங்கள், விடுபட்டவர்கள் அன்றே சொல்லட்டும்.

கொடுக்கும் வேகத்தையும் கணக்கிட வேண்டும். டோக்கனைச் சரிபார்த்து, கையெழுத்து வாங்கி, பையைத் தூக்கிக் கொடுக்க ஒரு குடும்பத்துக்கு 2 நிமிடம் என்று கொள்வோம். 2,500 குடும்பங்களுக்கு ஒரே மேசையில் 83 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பத்து மேசைகளில் 8 மணி 20 நிமிடம். வண்டிகள் ஒரே நாளில் எல்லாவற்றையும் கொண்டுவந்து சேர்த்தாலும், மேசைகள் மூன்று மட்டும் இருந்தால் மக்கள் வெயிலிலும் மழையிலும் நிற்பார்கள். டோக்கனில் நேரத்தையும் எழுதிவிட்டால் கூட்டம் பிரியும். முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனி மேசை வையுங்கள். நடக்க முடியாதவர்களுக்கு முதல் படியில் எடுத்த பட்டியலைப் பார்த்து வீட்டுக்கே கொண்டு போங்கள். 15 கிலோ பையை வயதான பெண் ஒருவர் இரண்டு கிலோமீட்டர் சுமக்க முடியாது என்பதும் விநியோகத் திட்டத்தின் பகுதிதான். நாப்கின்களைப் பெண் தன்னார்வலர்கள் கொடுக்கட்டும்.

முதல் இரண்டு நாள்களுக்குச் சமைத்த உணவே சரியானது. அடுப்பும் விறகும் நனைந்த வீட்டில் அரிசி மூட்டை பயன்படாது. சமையலை வெளியூரில் செய்து கொண்டுவருவதைவிட உள்ளூரிலேயே செய்வது நல்லது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது, திருச்செந்தூரிலிருந்து சென்னை நோக்கிக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளுடன் சிக்கிக்கொண்டது. ஹெலிகாப்டர் வந்து உணவுப் பொட்டலம் போடும்வரை அந்தப் பயணிகளின் பசியை ஆற்றியது அருகிலிருந்த கிராமத்து மக்களின் சமையல்தான். ஊர்தோறும் பெரிய பாத்திரங்கள் எங்கே இருக்கின்றன, சமையல்காரர் யார், எரிவாயு உருளை எத்தனை கிடைக்கும் என்பதையும் உங்கள் பதிவேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: தகவல்

தொலைபேசிக் கோபுரங்கள் செயலிழக்கும் என்று எண்ணியே திட்டமிடுங்கள். அச்சிட்ட படிவங்கள், பேனா, பைக்கில் போகும் ஓர் ஆள் என்ற ஏற்பாடு எந்தச் செயலியையும்விட நம்பகமானது. செயலி இருந்தால் வசதி, இல்லாவிட்டாலும் வேலை நிற்கக் கூடாது. ஒவ்வோர் ஊரிலிருந்தும் காலை 7 மணிக்கும் மாலை 5 மணிக்கும் ஒரே வடிவில் அறிக்கை வரட்டும்: எத்தனை பேர், என்ன இருக்கிறது, எத்தனை நாளுக்குப் போதும், எந்த வழி திறந்திருக்கிறது. ‘எத்தனை நாளுக்குப் போதும்’ என்ற ஒரு கேள்வி மட்டுமே கேட்க முடியும் என்றால் அதைக் கேளுங்கள். அடுத்த வண்டி எங்கே போக வேண்டும் என்பதை அது முடிவு செய்துவிடும்.

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் மாவட்ட ஆட்சியர். 1077 என்ற எண் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கும், 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கும் உரியவை. உங்கள் குழு எந்த ஊர்களை, எந்தப் பொருளுக்குப் பொறுப்பேற்கிறது என்பதை மழைக்கு முன்பே வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். ஒரே ஊருக்கு ஐந்து குழுக்கள் பிரெட் கொண்டுவர, பக்கத்து ஊருக்கு ஒருவரும் போகாமலிருக்கும் நிலையைத் தவிர்க்க இதுவே வழி. நாகப்பட்டினத்தில் ஆழிப்பேரலைக்குப் பின் தொண்டு நிறுவனங்களுக்கென ஓர் ஒருங்கிணைப்பு மையம் உருவாக வேண்டியிருந்தது இந்தக் குழப்பத்தால்தான்.

ஒன்பதாம் படி: பொருளிலிருந்து பணத்துக்கு மாறுதல்

கடைகள் திறந்து, சரக்கு வரத் தொடங்கியதும் பொருள் கொடுப்பதை நிறுத்துவது நல்லது. அதற்கு மேலும் இலவச அரிசி கொடுத்தால் உள்ளூர் மளிகைக் கடைக்காரர் எழ முடியாமல் போவார். அவரும் புயலில் அடிபட்டவர். மூன்று நாள்களுக்கு ஒருமுறை அருகிலுள்ள சந்தையில் அரிசி, பருப்பு, எண்ணெய், மண்ணெண்ணெய், தார்ப்பாய் ஆகியவற்றின் விலையையும் இருப்பையும் குறித்துவாருங்கள். புயலுக்கு முந்தைய விலைக்கு அருகில் வந்துவிட்டால் பணம் கொடுக்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு தமிழக அரசு 6,000 ரூபாய் நிவாரணத்தை ரேஷன் கடைகள் வழியாக, டோக்கன் முறையில் வழங்கியது. வங்கிக் கணக்குச் சிக்கலில்லாமல், மக்களுக்குப் பழகிய இடத்தில் கொடுக்க முடிந்தது இந்த முறையின் பலம். குடும்ப அட்டை இல்லாதவர்களை எப்படிச் சேர்ப்பது என்பது இதில் எப்போதும் எழும் கேள்வி. தொண்டு நிறுவனங்களின் பணம் முதலில் போக வேண்டியது அவர்களுக்குத்தான் என்பது என் கருத்து.

பத்தாம் படி: அளந்து பார்த்தல்

எத்தனை டன் கொடுத்தோம் என்பது நன்கொடையாளருக்கான எண். அது சங்கிலியின் நிலையைச் சொல்லாது. ஊரிலிருந்து கோரிக்கை வந்த நேரம், வண்டி கிளம்பிய நேரம், ஊரில் இறக்கிய நேரம், கடைசிக் குடும்பம் பெற்ற நேரம் ஆகிய நான்கையும் அனுப்புச் சீட்டிலேயே எழுத இடம் விடுங்கள். இவற்றுக்கிடையிலான இடைவெளிகளைப் பார்த்தால் எந்த இடம் குறுகல் என்பது தானாகத் தெரியும். கேட்டதில் எத்தனை பங்கு கொடுக்கப்பட்டது, கெட்டுப்போனது எவ்வளவு, ஒரு குடும்பத்துக்குப் போக்குவரத்துச் செலவு எவ்வளவு, விடுபட்டோம் என்று சொன்னவர்கள் எத்தனை பேர், அவர்கள் எந்தத் தெரு என்பவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜனவரியில், எல்லாருக்கும் நினைவு இருக்கும்போதே, ஓட்டுநர்களையும் சுமைப்பணியாளர்களையும் பொருள் பெற்ற பெண்களையும் உட்காரவைத்து இந்த எண்களைப் பேசுங்கள்.

அடுத்த ஆகஸ்டில், அந்தக் கூட்டத்தில் மிகக் குறுகலாகத் தெரிந்த இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஒத்திகை நடத்துங்கள். முழு ஒத்திகைக்குப் பணமும் ஆளும் கிடைப்பது அரிது. ஆனால் ஒரு சிறிய வண்டியில் மணல் மூட்டைகளை ஏற்றி, மாற்று வழியில் கடைசிக் குக்கிராமம் வரை கொண்டுபோய் இறக்கி, நேரத்தைக் குறித்துவர அரை நாள் போதும். அதே வாரத்தில் கிடங்கிலுள்ள தார்ப்பாய்களைப் பிரித்து வெயிலில் விரித்து, எலி கடித்தவற்றைக் கழித்துவிட்டு, குளோரின் மாத்திரைகளின் காலாவதித் தேதியைப் பார்த்து, வியாபாரிகளுடனான ஒப்பந்தத்தைப் புதுப்பித்து, ஓட்டுநர்களின் தொலைபேசி எண்கள் ஒவ்வொன்றையும் அழைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.